எருமை முதுகில் மஞ்சள் களி

பூலாங்குடி பொன்னழகு தண்ணீரை நம்ப மாட்டார். தண்ணீரை மட்டுமா? தராசை நம்ப மாட்டார், பஸ் கண்டக்டர் கொடுக்கும் சீட்டை நம்ப மாட்டார், சாமியாடி சொல்லும் குறியையும் நம்ப மாட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த காப்பியை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தவர் என்று கண்டரமாணிக்கம் வரைக்கும் பேச்சு உண்டு. அந்தக் காப்பியைக் கொண்டுவந்த நாச்சியார்தான் பிறகு அவருக்கு வாழ்க்கைப்பட்டாள். "என்னையவும் மோந்து பாத்துட்டுத்தான் கெட்டுனாரு, வேற என்னத்தச் சொல்ல?" என்பாள் கேட்கிறவர்களிடம்.

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் போனால் ஊர் உலகமெல்லாம் விளக்கு ஏற்றி வைத்துப் பெருமாளைக் கும்பிடும். இவர் மட்டும் குனிந்து, எந்தப் படியில் பாசி வழுக்கும், எந்தப் பக்கம் ஆழம் என்று குளத்தைத் துருவிக்கொண்டு நிற்பார். சாமி தெப்பத்தில் சுற்றி வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "தெப்பத்துல கட்டுன டிரம்மு ஒண்ணு சாஞ்சிருந்துச்சு, அதப் பாத்தீகளா?" என்று திருப்பிக் கேட்பார்.

கண்மாய்க்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஊருக்கு இப்படி ஓர் ஆள் தேவைதான். ஐப்பசி மழையில் பூலாங்கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும், உள்ளூர் இளவட்டங்கள் கலுங்குச் சுவரில் ஏறிக் குதிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக்குடியிலிருந்து கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். குளிக்கலாமா கூடாதா என்பதற்கு எல்லாரும் பொன்னழகின் வாயைத்தான் பார்ப்பார்கள். அவர் கரையில் நின்று, சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பது போலத் தண்ணீரைப் பார்ப்பார். ஒரு சருகைக் கிள்ளிப் போடுவார். மடை திறந்திருந்தால் மேலே தண்ணீர் தூங்குகிற மாதிரி கிடக்கும், அடியில் ஆளை இழுக்கும். சருகு நகர்கிற தோரணையில் அது அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு "இன்னைக்கு வேணாம்" என்பார். இல்லையென்றால் "கலுங்குக்கு இங்குட்டு மட்டும்" என்பார். காரணம் சொல்லவே மாட்டார். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள் என்பது அவர் கட்சி.

காரில் வந்த ஒரு பெரிய வீட்டு ஆச்சிக்கு ஒருதரம் கோபம் வந்துவிட்டது. "ஒங்க ஊருத் தண்ணிய நாங்க என்ன குடிச்சிரவா போறோம்?" என்றார்.

"நீக குடிக்க மாட்டீக ஆச்சி. அது ஒங்களக் குடிச்சிரும்."

ஆச்சி சிரித்துவிட்டார். கரையிலேயே விரிப்பை விரித்துப் புளியோதரையைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆனால் பொன்னழகின் உண்மையான அதிகாரம் பங்குனியில்தான் தெரியும். வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சத் தண்ணீர் தொடையளவுக்கு வற்றியதும் ஊர்கூடி மீன் பிடிக்கும் நாள் வரும். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். ஊத்தாவும் கச்சாவலையுமாகக் கொத்தமங்கலம் தாண்டியிருந்துகூட ஆள் வரும். மூங்கில் சிம்பில் பின்னி, அடியும் முடியும் திறந்த கூடைதான் ஊத்தா. அதைச் சேற்றில் குத்தி, உள்ளே மாட்டிய மீனை மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுக்க வேண்டும். அன்றைக்கு மீன் பாதி, விளையாட்டு பாதி. சேற்றில் விழுந்து புரண்டு எழுந்தவனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அதற்கு ஓர் ஊர்க் கட்டுப்பாடு உண்டு. மீன்பிடி நாளைச் சொல்லித் தமுக்கு அடித்துவிட்டால் அதன் பிறகு கண்மாயில் மாடு இறங்கலாம், மனிதக் கால் படக்கூடாது. மீன்பிடி அன்று ஊர் பொறுக்கிய ஓர் ஆள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை உயர்த்துவார். தண்ணீர் ஆட்களுக்குத் தோதாக இருக்கிறது என்று அவர் மனசுக்குப் பட்டால் துண்டு கீழே வரும். துண்டு வந்த பிறகுதான் சனம் இறங்க வேண்டும்.

முன்பு அந்தத் துண்டு சின்னக்கருப்பு கையில் இருந்தது. அவர் முதல்நாளே கம்போடு கண்மாய்க்குள் இறங்கி, சேறும் பள்ளமும் பார்த்துவிட்டு வருவார். பொன்னழகுக்கு அது பொறுக்கவில்லை. "பள்ளம் பாக்கப் போறவரு மடியில விராலு இல்லண்டு யாரு கண்டா?" என்று அறுபத்து மூன்றாம் வருசம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டார். கிழவர் மடியில் விரால் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் சந்தேகம் என்பது சேலையில் பட்ட மாம்பழச் சாறு, போகாது. துண்டு பிடிக்கிறவரும் கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும், அவர் காலும் தண்ணீரில் படக்கூடாது என்று பொன்னழகு சொன்ன விதியை ஊர் ஏற்றுக்கொண்டது. அவமானப்பட்ட சின்னக்கருப்பு துண்டைக் கீழே வைத்தார். ஊர் அதை எடுத்துப் பொன்னழகு தோளில் போட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அவர் கரையிலிருந்தே கண்மாயைப் படித்தார். கொக்கு எங்கே நிற்கிறது, எங்கே நிற்க மாட்டேன் என்கிறது, கோடையில் கண்மாய் வறண்டு கிடந்தபோது யார் யார் எங்கெங்கே வண்டல் அள்ளினார்கள் என்பதெல்லாம் அவர் மனசில் இருக்கும். யாருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. அந்தத் துண்டில் அவருக்கு அவ்வளவு பெருமை. அதை வேறு யாரும் துவைக்கக்கூடாது, நாச்சியார்கூட.

எழுபதாம் வருசக் கோடையில் வைக்கோல் படப்பிலிருந்து விழுந்து பொன்னழகுக்குக் கால் ஒடிந்துபோனது. வண்டி மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்த நேரம். நாச்சியாரின் தம்பி வீரையாதான் ஓடிவந்து, அவரை முதுகில் சுமந்துகொண்டு, வேகாத வெயிலில் கட்டுப் போடுகிற வைத்தியர் வீட்டுக்கு நடந்தான். "வலிக்குதா மச்சான், வலிக்குதா மச்சான்" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனான். உலகத்தில் பொன்னழகு சந்தேகப்படாத ஓர் ஆள் உண்டென்றால் அது அன்றிலிருந்து வீரையாதான். அந்தக் கோடை முழுக்க மூங்கில் பத்தையும் முட்டைக்கட்டுமாக அவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கண்மாய் வறண்டு கிடந்ததை அந்த ஒரு வருசம்தான் அவர் பார்க்கவில்லை. அதே கோடையில் வீரையா தன் வயலில் சொந்தமாகக் காளவாசல் போட்டுச் செங்கல் சுட்டு, கூரை வீட்டை ஓட்டு வீடாக்கினான். விந்தி விந்திப் போய், புதுவீட்டில் காய்ச்சிய பாலைக் குடித்துவிட்டு வந்தார் பொன்னழகு. அந்தப் பாலை மோந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த பங்குனி. தமுக்கு அடித்தாயிற்று, ஊர்களுக்குச் சொல்லியாயிற்று. மீன்பிடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கண்மாய்க்குப் போய்விட்டு வந்த அவருடைய எருமை மாட்டுக் கொட்டத்தில் வந்து நின்றது. முதுகெல்லாம் களி. பொன்னழகு அதை விரலில் வழித்துப் பார்த்தார். மஞ்சள்.

பூலாங்கண்மாயில் சேறு என்றால் கறுப்பு. மஞ்சள் களி அதற்குக் கீழே, ஆள் ஆழத்தில் கிடப்பது. வெட்டினால்தான் அது வெளியே வரும். தொடையளவு தண்ணீரில் எருமை முதுகு வரைக்கும் மஞ்சள் களி ஏறியிருக்கிறது என்றால், எவனோ உள்ளே ஆழமாகக் கிடங்கு வெட்டி மண் எடுத்திருக்கிறான். கலங்கல் தண்ணீருக்கு அடியில் அது வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. ஊத்தாவைக் குத்திக்கொண்டு குனிந்தபடி போகிற பொம்பிளை அதில் கால் வைத்தால், தலை தெரியாது.

பொன்னழகு நேரே ஊர்த் தலைமைக்காரரான அம்பலம் நாகநாதனிடம் போனார். "இந்த வருசம் நிப்பாட்டுங்க அம்பலம். உள்ள கிடங்கு கிடக்கு."

"எங்க கிடக்கு?"

"அது தெரியல."

"யாரு வெட்டுனது?"

"வேற யாரு? காளவாசக்கார மருதுதான். அவன் முழியே சரியில்ல."

அம்பலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏப்பா பொன்னழகு, எருமை முதுகையும் மருது முழியையும் பாத்து எட்டூருக்குச் சொன்ன மீன்பிடிய நிப்பாட்டச் சொல்றியே, நல்லாருக்கா? நீ எதத்தான் நம்புன?"

காலமெல்லாம் புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதைதான். வீட்டுக்கு வந்து எருமையை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருதுவின் காளவாசல் கண்மாயின் வடகோடியில் இருந்தது. அப்படியானால் கிடங்கும் வடகோடியில்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனசு முடிச்சுப் போட்டுக்கொண்டது. தண்ணீரைப் பார்த்துத் தண்ணீரை எடை போட்டவர், முதல்முறையாக ஒரு மனிதனின் முழியைப் பார்த்துத் தண்ணீரை எடை போட்டார். தப்பு அங்கேதான் நடந்தது.

மீன்பிடி அன்று வெள்ளி முளைத்து வெளுத்துக்கொண்டு வரும்போதே எழுந்து, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வடகோடியில் இறங்கிவிட்டார். தான் போட்ட விதி அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் சனம் இறங்குவதற்குள் கிடங்கைக் கண்டுபிடித்து முள்ளை வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்ற ஒரே தவிப்பு. குத்திக் குத்திப் பார்த்தார். எல்லா இடமும் தரை தட்டியது. கம்பின் நுனியில் கறுப்புச் சேறுதான் வந்தது. மஞ்சள் வரவே இல்லை.

கரையேறும்போது எதிரே சின்னக்கருப்பு நின்றுகொண்டிருந்தார்.

கிழவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. சொட்டச் சொட்ட நின்ற வேட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பள்ளம் பாக்கப் போனியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். அதன் பிறகு ஊரைக் கூப்பிட்டார்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. நாச்சியாரும் ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றாள். பொன்னழகு சத்தியம் செய்தார். எருமையைச் சொன்னார், மஞ்சள் களியைச் சொன்னார். "சரி, கிடங்கு எங்க? காட்டு" என்றார்கள். "தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். கூட்டம் சிரித்தது. மருது வாயை மூடிக்கொண்டு சிரித்ததை அவர் பார்த்தார். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"நீ வச்ச சட்டந்தானப்பா" என்றார் அம்பலம். அவருக்கும் சங்கடம்தான். "துண்ட எறக்கி வையி. வேற ஆளு கையில கொடுத்தா ஒனக்குக் கொறச்சலு. ஒன் மச்சினன் வீரையாவே பிடிக்கட்டும்."

"எனக்கு வேணாம் அம்பலம்" என்று வீரையா பின்னுக்குப் போனான். முகம் வெளிறியிருந்தது. மச்சான் துண்டு நமக்கு எதற்கு என்று கூச்சப்படுகிறான் போல என்று பொன்னழகு நினைத்துக்கொண்டார். தானே அவன் தோளில் துண்டைப் போட்டார். "பிடி மாப்ள. பொறத்தியான் கைக்குப் போறதுக்கு நீ பிடி."

வெயில் ஏறியது. கரை நெடுகச் சனம். நாச்சியாரும் ஊத்தாவைக் கையில் எடுத்தாள். "புருசன் மேல பழி வந்துச்சுண்டா பொஞ்சாதி பானைக்குள்ளயா ஒளிஞ்சுக்கிருவா?" என்று சொல்லிவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தென்கோடிக்கு நடந்தாள். கருவக்காட்டு ஓரம், வீரையாவின் வயலுக்கு நேரே இருந்த இடம் அது. கூட்டம் குறைவாக இருக்கும் என்று வருசா வருசம் அவள் இறங்குகிற இடமும் அதுதான்.

வீரையா துண்டை உயர்த்தினான். கூட்டம் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. துண்டு இறங்கவில்லை. "வீசுப்பா!" என்று நாலு பக்கமும் சீழ்க்கை பறந்தது. அவன் தென்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"கருவக்காட்டுப் பக்கம் யாரும் எறங்காதீக! அக்கா, மேல ஏறு! அங்குட்டு ஆளு முங்குற கிடங்கு கிடக்கு!"

சின்னக்கருப்புதான் கேட்டார். "கண்மாயில காலு வைக்காத ஆளுக்கு அது எப்புடிடா தெரியும்?"

வீரையா அக்காளைப் பார்த்தான், பிறகு மச்சானைப் பார்த்தான்.

பொன்னழகுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வீரையாவின் வயல் முழுக்கச் சரளை. அந்த மண்ணில் செங்கல் அறுத்தால் கையிலேயே உதிரும். பிறகு எங்கேயிருந்து வந்தது அத்தனை செங்கல்? போன கோடையில் அவன் கண்மாயிலிருந்து வண்டி வண்டியாக மண் அடித்ததை ஊரே பார்த்தது. வயலுக்குப் போடுகிற வண்டல் என்று ஊரே நம்பியது. எல்லாரையும் சந்தேகப்பட்ட புத்திசாலி, அவன் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு பாலைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை போதும். "அவன் வீட்டுச் செவத்தப் போயிப் பாருங்க" என்று சொன்னால், துண்டு இப்போதே தன் தோளுக்குத் திரும்பிவிடும். கண்மாய்க்குள் கிடங்கு வெட்டியவனை ஊர் சும்மா விடாது. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் அவன் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

அவர் வீரையாவைப் பார்த்தார். உயர்த்திய கை இன்னும் உயர்ந்தே இருந்தது. பேசாமல் துண்டை வீசியிருக்கலாம், அக்காளை மட்டும் ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அவன் ஊருக்கே கத்தினான். கத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் கத்தினான். வெயிலில் தன்னைச் சுமந்துகொண்டு போன அந்த முதுகு வேர்வையில் நனைந்து கிடந்தது.

"நான்தான் அவன்ட்டச் சொன்னேன்" என்றார் பொன்னழகு.

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

"விடியக்காலம் கருவக்காட்டுப் பக்கமும் எறங்கிப் பாத்தேன். கிடங்கு அங்கனதான் கிடக்கு. எவன் வெட்டுனதோ தெரியல."

"அப்ப காலைல கேட்டதுக்குத் தேடிக்கிட்டு இருந்தேன்னு ஏன் சொன்ன?" என்றார் அம்பலம்.

பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் சொல்லப் போறாரு?" என்று மருது எகத்தாளமாகச் சிரித்தான். "வத்துன கண்மாயில விராலெல்லாம் ஆழத்துலதான போய்ப் படுக்கும்! கிடங்கச் சொல்லிட்டா மீனு போயிருமுல்ல!"

அதுதான் சரி என்று ஊருக்குப் பட்டது. இரண்டு பேர் நீள மூங்கிலோடு போய்க் குத்திப் பார்த்தார்கள். மூங்கில் போய்க்கொண்டே இருந்தது. நுனியில் மஞ்சள் களி வந்தது. சுற்றிலும் கருவ முள்ளை வெட்டிப் போட்டார்கள். பிறகு துண்டு இறங்கியது. சனம் ஓவென்று கத்திக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது. அன்றைக்கு ஓர் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைத் துண்டு அதற்குப் பிறகு பொன்னழகின் தோளுக்குத் திரும்பவே இல்லை. மடி நிறைய விரால் கட்டப் பார்த்தவர் என்ற பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. சின்னக்கருப்புக்கு அவர் ஒட்டிய பெயர்தான் அது, சுற்றிக்கொண்டு வந்து ஒட்டியவரிடமே சேர்ந்துவிட்டது.

அன்று மத்தியானம் நாச்சியார் மீன் குழம்பு வைத்தாள். இலையைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"வீரையாட்ட நீக எப்பச் சொன்னீக?"

"சொன்னேன்."

"எப்ப? கரையேறுனதுலருந்து நானும் ஒங்களையே பாத்துக்கிட்டுத்தான நின்னேன். துண்டப் போடயில 'பிடி மாப்ள'ண்டதத் தவிர ஒரு வார்த்த பேசலயே அவன்ட்ட."

பொன்னழகு இலையில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தார். நாச்சியார் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "கூடப்பொறந்தவன் செஞ்சதுக்கு நான் என்னத்தச் சொல்ல? நீக சந்தேகப்படுவீக. எனக்குத் தெரியும், நீக சந்தேகப்படத்தான் செய்வீக. எம் பிள்ளைக மேல சத்தியமா அவன் அங்க வெட்டுனது எனக்குத் தெரியாது."

பொன்னழகு அவளை நிமிர்ந்து பார்த்தார். வருசா வருசம் அவள் இறங்குகிற இடம். இந்த வருசமும் அங்கேதான் போய் நின்றாள். அப்படியானால் தெரிந்திருக்காது. இல்லை, தம்பி வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தேதான் போய் நின்றாளா? மனசு வழக்கம்போல நூலைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியும். இன்றைக்கு ஆரம்பித்தால் சாகிற வரைக்கும் அவள் கையால் ஒரு வாய் நிம்மதியாகத் தின்ன முடியாது. அவருக்குக் களைப்பாக இருந்தது.

"தெரியாதுண்டா தெரியாதுதான். அழுகாத" என்றார். "சோத்தப் போடு, நாச்சியா. பசிக்குது."